ஆறாயியின் கழுத்து

அழகு சோறு போடுமா என்று கேட்பார்கள். எனக்குப் போட்டது. பதினொரு வருடமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படிக் கேட்கிறவர்கள் அழகில்லாதவர்களை ஆறுதல்படுத்தக் கேட்கிறார்களா, அழகானவர்களை அடக்கி வைக்கக் கேட்கிறார்களா தெரியாது. நான் உள்ளதைச் சொல்கிறேன்.

என் பெயர் வர்ஷினி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவள். ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தை இரண்டு தரம் கோட்டை விட்டவள். இருபது வயதில் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்கு வேலை கேட்டுப் போனேன். சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முதலாளி வெங்கடேஸ்வரன் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். ஃபைலைத் திறக்கவே இல்லை. "நாளைக்கே வந்துடும்மா" என்றார். என் சிவந்த நிறமும் நீண்ட கழுத்தும் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டன.

வேலைக்கு மட்டுமா? பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் சிங்களத்தில் "நங்கி, மெதன வாடிவென்ன" என்று யாரையாவது எழுப்பி என்னை உட்கார வைப்பான். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ஊரே காஸ் சிலிண்டரோடு வெயிலில் வரிசையில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவர் தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டுக் கடைசியில் போய் நின்றார். அவர் தந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றாள். அவர் அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்திருக்கலாம். நானாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோதுதான் அவளுடைய முகம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் தேநீரைக் குடித்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே திங்கட்கிழமை சேர்ந்தவள் ஆறாயி. என்னைவிட ஒரு வயது இளையவள். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் தங்கியிருந்தாள். ஏ.எல். வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஒன்றையும் கோட்டை விடவில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலாளி அவளுடைய ஃபைலை மட்டும் ஒரு தாள் விடாமல் படித்தார். படித்து முடித்து, அவளை உள்ளறைக்கு அனுப்பினார்.

ஆளைப் பற்றிப் பூசி மெழுகிச் சொன்னால் இந்தக் கதை விளங்காது. ஆறாயி குள்ளம். நல்ல கறுப்பு. முன்பற்கள் இரண்டு உதட்டை மடங்க விடாது. கன்னம் முழுக்கப் பருக் குழிகள். கழுத்து என்று தனியாகச் சொல்ல அதிகம் இல்லை, தலை தோளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அவளுடைய பெயரும் பழைய காலத்துப் பெயர். "ஆறாயி என்று இந்தக் காலத்தில் ஆரும் பேர் வைப்பினமோ?" என்று முதல் நாளே நாங்கள் கவுண்டரில் கூடிச் சிரித்தோம். அவள் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சிரித்தோம்.

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் நகைகளைப் போட்டு, மெல்லிய பிரஷால் தேய்த்து, துணியில் ஒற்றி, கொக்கி சரிபார்த்து, நூலில் விலைச் சீட்டுக் கட்டுவது அவள் வேலை. இரண்டு வருடத்தில் கடையில் இருக்கும் அத்தனை உருப்படியும் அவளுக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினால், இது எந்தத் தட்டில் இருக்கிறது, கல் எது, கொக்கி எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லிவிடுவாள். எனக்கு இன்றைக்கும் சிவப்புக் கல்லையும் கெம்பையும் பிரித்துச் சொல்லச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

அவளுக்குக் கவுண்டருக்கு வர ஆசை. கவுண்டரில் நிற்பவர்களுக்கு விற்பனையில் பங்கு உண்டு, உள்ளறைக்கு இல்லை. ஆனால் அது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், உள்ளறைத் திரையை விரல் அகலம் விலக்கி யார் வருகிறார்கள் என்று பார்ப்பாள். வந்தவர்களுக்கு எந்த நகை என்று அவளே மனதுக்குள் எடுத்துக் கொடுப்பாள் போலிருக்கிறது, உதடு அசையும்.

இரண்டு தரம் முதலாளியிடம் கேட்டாள். இரண்டு தரமும் அவர், "உள்ளே நீ இல்லாட்டி யாரும்மா எனக்கு இருக்கா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. அவளுடைய அப்பா இறந்தபோது வான் பிடித்து மஸ்கெலியாவரை போய் வந்தவர். நல்ல மனுஷருக்கும் கண் முகத்தில்தான் போய் நிற்கும்.

எங்கள் கடையில் வியாபாரம் நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். கல்யாண நகை எடுக்க வரும் தாய்மார், தட்டில் கிடக்கும் நகையை நம்ப மாட்டார்கள். "பிள்ளை, உம்மட கழுத்தில ஒருக்கா வச்சுக் காட்டுமன்" என்பார்கள். நான் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து, கொஞ்சம் திரும்பிக் காட்டுவேன். அட்டியலோ நெக்லஸோ, என் கழுத்தில் எது ஏறினாலும் அது விற்கும். முதலாளி என்னைக் "கை ராசிக்காரி" என்பார். கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், உள்ளறையில் நாங்கள் இருவரும் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தோம். ஆறாயி சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"மாத்துறதுக்குத் திரும்பி வர்ற நகையெல்லாம் கழுவ எங்கிட்டதானே வருது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். பத்துல ஏழு எட்டு நீங்க போட்டுக் காட்டி வித்தது."

"அதுக்கு?"

"உங்க கழுத்துல எதப் போட்டாலும் நல்லா இருக்குக்கா. அதப் பாத்து வாங்கிட்டுப் போறாங்க. வீட்டுல போயி அந்தப் பொண்ணு போட்டுப் பாக்குது. கடையில பாத்த அழகு அங்க இல்ல. நகை மேல குத்தம்னு நெனச்சு மாத்த வர்றாங்க. வர்றப்ப அந்தப் பொண்ணுங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? என்ன மாதிரி ஒருத்தி போட்டுக் காட்டி, அதுலயே நல்லா இருந்துச்சுன்னா, அந்த நகை திரும்பி வராது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "உனக்கு எரிச்சல். கவுண்டர் கிடைக்கேல்லை எண்ட எரிச்சல்" என்று சொல்லிப் பார்சலைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிட்டேன். இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை. அவள் சொன்னது பொய் என்றிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். கசந்த மருந்து மாதிரி அது உள்ளே இறங்கிவிட்டது.

போன வருடம் மூன்றாம் தரமாக முதலாளியிடம் போனாள். இந்தத் தரம் எனக்குச் சொன்ன காரணத்தை அவருக்கும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "கஸ்டமர் முதல்ல பாக்கிறது முகத்தைத்தான்மா. நான் பாட்டனார் காலத்துல இருந்து பாக்கிறேன். மனசுல வச்சுக்காதே" என்றாராம்.

பிறகு இந்த வருடம் பெரிய செய்தி வந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியில் புதுக் கிளை திறக்கப் போகிறோம். கவுண்டர்காரர் நால்வர் அங்கே போவோம், அதில் ஒருவருக்குப் பொறுப்பு. நகை கழுவ மெஷின் வருகிறது, உள்ளறையை மூடப் போகிறார்கள். மெஷினுக்குப் பெயரும் வேண்டாம், முகமும் வேண்டாம். ஆறாயிக்கு மாத முடிவோடு வேலை இல்லை.

அவள் அழவில்லை. மருதானையில் ஒரு ஏஜென்சிக்குப் போய், குவைத்தில் வீட்டு வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மெடிக்கல் முடிந்தது. பாஸ்போர்ட்டை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயண நாளுக்குப் பதினாறு நாள் இருந்தது. கல்லையும் பொன்னையும் கண்ணை மூடிப் பிரிக்கத் தெரிந்த ஒருத்தி, யாருடையதோ குளியலறையைக் கழுவப் போகிறாள் என்று எனக்குள் ஓடியது. ஓடியதே தவிர வாய் திறக்கவில்லை. வெள்ளவத்தைப் பொறுப்பு எனக்குத்தான் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை காலையில் ராஜராஜேஸ்வரி அன்ரி மகளோடு வந்தார். வெள்ளவத்தைக்காரர், எனக்கு முன்பே பழக்கம். மகள் சாம்பவிக்குத் தை மாதம் கல்யாணம். மூன்று கிழமைக்கு முன் அன்ரி தனியாக வந்து, என் கழுத்தில் பார்த்து ஒரு அகல அட்டியல் எடுத்துக்கொண்டு போயிருந்தார். இப்போது அதை மாற்ற வந்திருக்கிறார். முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார்.

சாம்பவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குட்டையான, பருத்த பெண். மாநிறத்தைவிடக் கறுப்பு. கழுத்து தோளுக்குள் போயிருந்தது. கண்ணில் நீர் கோத்து நின்றது.

"அண்டைக்கு உம்மட கழுத்தில அம்மன் சிலை மாதிரி இருந்தது, பிள்ளை" என்றார் அன்ரி. "வீட்டை போய்ப் போட்டா, கழுத்து நெரிக்கிற மாதிரிக் கிடக்கு. உதில ஏதோ பிழை. வேற காட்டும்."

நான் பழக்கத்தில் இன்னொன்றை எடுத்து என் கழுத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். சாம்பவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, பிளீஸ். நீங்கள் போட்டுக் காட்டாதேங்கோ. எனக்கு நகையும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். கோயில்ல தாலியை மட்டும் கட்டிக்கொண்டு வாறன்."

என் முகத்துக்கு இப்படி ஒரு பதில் அதுவரை யாரும் சொன்னதில்லை. நெக்லஸைக் கழற்றி வைத்தேன். அந்தப் பிள்ளையை அழ வைத்தது நகை இல்லை, நான்தான் என்று அப்போது உறைத்தது. எழுந்து போய் உள்ளறைத் திரையை விலக்கி, "ஆறாயி, வெளியில வா" என்றேன்.

"நானா?"

"நீதான். வா."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நகைத் தட்டை அவள் பார்க்கவில்லை, சாம்பவியைப் பார்த்தாள். "கூறைச் சாரி என்ன கலருங்க?" என்று கேட்டாள். அரக்குச் சிவப்பு என்று சாம்பவி விரலுக்குள்ளிருந்து சொன்னாள். ஆறாயி மூன்றாவது அலுமாரியின் கீழ்த் தட்டைத் தேடாமல் திறந்து, மங்கல் நிறப் பொன்னில் சின்னச் சின்னச் சிவப்புக் கல் வைத்த ஒரு நீள ஆரத்தை எடுத்தாள். கழுத்தை ஒட்டாமல் மார்புவரை இறங்கும் ஆரம். நான் அதை ஒரு நாளும் எடுத்துக் காட்டியதில்லை. எடுத்தவள் அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஆச்சரியம். ஆறாயி உயர்ந்த மாதிரித் தெரிந்தாள். அந்தக் கறுப்பு நிறத்தில் பொன் இதமாக ஒளிர்ந்தது.

அன்ரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"இது என்ன பகிடி, வர்ஷினி? என்ர பிள்ளைக்கு இவவைக் கொண்டோ போட்டுக் காட்டுறீர்? என்ர பிள்ளையும் இவவும் ஒண்டெண்டோ நினைச்சனீர்?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அன்ரி சொன்னதில் பிழை காண முடியாது. கடைகளில் என்னைப் போன்றவர்களை முன்னால் நிறுத்துவதே இதற்குத்தான். உங்கள் பிள்ளையும் இப்படித்தான் இருப்பாள் என்று சொல்லாமல் சொல்லும் பொய்தான் எங்கள் வேலை. ஆறாயியின் முகம் செத்துவிட்டது. அவள் கை கொக்கிக்குப் போயிற்று.

"கழட்டாதேங்கோ" என்றாள் சாம்பவி.

முகத்திலிருந்து கையை எடுத்திருந்தாள். எழுந்து ஆறாயிக்குக் கிட்டப் போய் நின்று, ஆரத்தைப் பார்த்தாள், ஆறாயியைப் பார்த்தாள்.

"அம்மா, இருங்கோ. நீங்கள் பாக்கிற சாம்பவியை நான் ஒரு நாளும் கண்ணாடியில கண்டதில்லை. நான் காணுறது இதைத்தான். இவவுக்கு வடிவா இருக்கு. அப்ப எனக்கும் இருக்கும்."

ஆறாயி ஆரத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். பின் கொக்கியை இரண்டு வளையம் தளர்த்தினாள். சாம்பவி ஒன்றும் தேவலோகப் பெண்ணாக மாறிவிடவில்லை. ஆனால் அந்த நகை அவளுடைய நகையாக இருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, "அக்கா, ஒரு போட்டோ எடுங்கோ" என்று ஆறாயியிடம் நீட்டினாள். அன்ரி மெல்ல உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காதுக்கும் இவவையே பாக்கச் சொல்லும்" என்றார்.

கோயிலிலிருந்து வந்த முதலாளி கதவருகில் நின்று இதில் பாதியைப் பார்த்திருக்கிறார். அவர்கள் போனதும் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். நெற்றியில் திருநீறு, முகமெல்லாம் சிரிப்பு.

"கெட்டிக்காரிம்மா நீ. என்ன யோசனை! வெள்ளவத்தைக்கு இனி வேற ஆள் பாக்க வேண்டியதில்லை. நீதான் பொறுப்பு."

உண்மையைச் சொல்கிறேன், "நன்றி முதலாளி" என்பது தொண்டைவரை வந்துவிட்டது. ஆறாயி ஆக்கிய சோற்றையும் என் இலையில் அல்லவா பரிமாறுகிறார்கள். பழகிய வாய் திறக்கத்தான் பார்த்தது. அதை மூடிக்கொள்ள எனக்குப் பதினொரு வருடத்துப் பலமும் தேவைப்பட்டது.

"அது என்ர யோசனை இல்லை, முதலாளி. நான் போட்டுக் காட்டி விக்கிறதுதான் கூட மாத்துறதுக்கு வருது. என்ர கழுத்தில எல்லாம் வடிவா இருக்கும், வாங்கிறவைக்கு அப்பிடி இராது. சாதாரண ஆள் போட்டு வடிவா இருந்தா, அந்த நகை திரும்பி வராது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். "சரிதான். அட, சரிதான்" என்றார். "இத்தனை வருசத்துல இதை ஏன்மா யாருமே எனக்குச் சொல்லல?"

"ஆறாயி சொன்னவள். போன வருசம், இதே மேசையில. நீங்கள் சிரிச்சனீங்கள்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். கடைசியில், "வெள்ளவத்தையில கல்யாணக் கவுண்டர் அவளுக்கு. உனக்குள்ள அதே பங்கு அவளுக்கும். பொறுப்பு உங்கிட்டயே இருக்கட்டும். போய்ச் சொல்லு" என்றார். பொறுப்பும் அவளுக்குத்தான் சேர வேண்டும் என்று நான் சொன்னேன். "ஒரு வருசம் போகட்டும், பாப்பம்" என்றார். முழு நியாயம் இல்லைதான். ஆனால் ஒரு வருடம் என்று அவர் வாயாலேயே வந்திருக்கிறது. நான் மறக்க விட மாட்டேன்.

உள்ளறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தாள்.

"அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான்."

"புதுசா ஏதாவது சேத்துச் சொன்னீங்களா?"

"இல்லை. நீ சொன்னதையே சொன்னனான்."

"நான் சொன்னப்பக் கேக்கல."

"ஓம்."

"நீங்க சொன்னதும் கேட்டாரு."

"ஓம், ஆறாயி."

இந்த இரண்டாவது ஓமைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. அழகு வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட அழகான வாய்தான் வேண்டியிருக்கிறது. ஆறாயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கிட்டப் போய்த் தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டாள். மறுபடி வைத்தேன், விட்டுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்கு மருதானைக்குப் போயி பாஸ்போர்ட்ட வாங்கணும். நீங்களும் வாங்க. அவன் லேசுல குடுக்க மாட்டான். உங்களப் பாத்தா குடுத்துருவான்."

இருவரும் சிரித்துவிட்டோம். நான் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வெள்ளவத்தைக் கடை எத்தன மணிக்குத் தொறப்பாங்கக்கா?"

"ஒன்பதரைக்கு."

"அப்ப நான் எட்டு மணிக்கெல்லாம் வந்துருவேன். கவுண்டருக்கு வர்ற எல்லாத்தையும் ஒரு தடவயாச்சும் போட்டுப் பாக்கணும்."

"ஏன்? நீ பாக்காத நகையே?"

"பாத்திருக்கேன். பதினொரு வருசமாக் கழுவிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் ஆறாயி. "ஒண்ணுகூடப் போட்டதில்லக்கா. இன்னைக்குத்தான் மொத தடவ போட்டேன்."